பிஞ்சில் பழுத்ததா?

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் முதல் வகுப்பை எட்டிப் பாருங்கள். புதுப் பையின் வாசனையும், அம்மாவைத் தேடும் அழுகையும், ‘அ’ என்ற எழுத்தின் சுழியோடு போராடும் சின்ன விரல்களுமாக வகுப்பறை நிறைந்திருக்கும். அவர்களுக்கு நடுவே ஒரு சிறுமி மட்டும் தமிழ்ப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்து மூடி வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களினூடே ஏறி வரும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு யாரும் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததாக அவளுடைய தாய்க்கு நினைவில்லை. சேலம் பஸ்ஸின் பெயர்ப்பலகையையும், கடைகளின் பெயர்களையும் பார்த்துப் பார்த்துத் தானே படித்துக்கொண்டாள் என்பார்.

இப்படிப்பட்ட பிள்ளை ஆண்டுதோறும் வருவதில்லை, ஆனால் வருகிறாள். வந்தவுடன் பெரியவர்களாகிய நாம் இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம். “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று மகிழ்ந்து அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். அல்லது “பிஞ்சிலே பழுத்தது” என்று முகம் சுளித்து அடக்கி வைக்கிறோம். இரண்டிலும் அந்தப் பிள்ளையை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆரம்ப வகுப்புகளில் பாடம் நடத்தும் நாங்கள், படித்தும் பட்டும் அறிந்த சிலவற்றைப் பெற்றோருடனும் மாணவிகளுடனும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பட்டு அறிந்த பாடம்

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் முன்பு வேறோர் ஊரில் பணியாற்றியபோது நடந்தது இது. முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தங்கு தடையின்றி வாசித்தாள். ஆசிரியைக்குப் பெருமகிழ்ச்சி. அவளைத் தனி நாற்காலியில் உட்கார வைத்து, ‘குட்டி டீச்சர்’ என்று பெயரும் சூட்டினார். மற்றப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவதும், எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலையாயிற்று. வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைப் பாராட்டினார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அவளுடைய நோட்டில் பிழைகள் மலிந்தன. தெரிந்த சொற்களையே தவறாக எழுதினாள். உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று அஞ்சிய ஆசிரியை, அவளைத் தனியே அழைத்துக் கேட்டார். வெகுநேரம் தலை குனிந்து நின்றவள் கடைசியில், “சரியா எழுதினா என்னைத் தனியா உட்கார வெக்கிறீங்க டீச்சர். தப்பா எழுதினா எல்லாரோடவும் உட்காரலாம்” என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளை, தோழிகளுக்காகத் தன் அறிவை ஒளித்து வைக்கத் துணிந்துவிட்டாள். பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு நாம் அவளைத் தனிமைப்படுத்தியிருந்தோம். அதுமட்டுமா? ஏழு மாதங்களாக அவள் பிறருக்குக் கற்பித்தாளேயொழிய, புதிதாக எதையும் கற்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததையே நாம் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டோம்.

ஒரே கொத்தில் பல பழங்கள்

நம் சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காப்பிப் பயிர் வேர்கொண்டுவிட்டது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காப்பிப் பழம் பறிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கிளையில், ஒரே கொத்தில் சிவந்த பழமும் இருக்கும். மஞ்சள் ஓடியதும் இருக்கும். பச்சைக் காயும் இருக்கும். பறிக்கத் தெரிந்தவர்கள் கொத்தை ஒரேயடியாக உருவுவதில்லை. சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் பச்சையை விட்டு வைப்பார்கள். சில வாரங்கள் கழித்து அதே செடிக்கு மீண்டும் வருவார்கள். முந்திச் சிவந்த பழத்தைப் பிஞ்சில் பழுத்தது என்று அவர்கள் ஏசுவதுமில்லை. பின்னால் சிவக்கும் காயை உதவாதது என்று தள்ளுவதுமில்லை.

பிள்ளைகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டுக்கு மட்டுமன்று, ஒரு பிள்ளைக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டுக்கும் இது பொருந்தும். வாசிப்பில் எட்டு வயதுக்காரியாக இருக்கும் ஐந்து வயதுச் சிறுமி, பென்சில் பிடிப்பதில் ஐந்து வயதுக்காரியே. கயிறு தாண்டுவதில் நான்கு வயதுக்காரியாகவும் இருக்கலாம். விளையாட்டில் தோற்றால் மூன்று வயதுக் குழந்தைபோல் அழவும் செய்யலாம். “இவ்வளவு தெரிந்தவளுக்கு இது தெரியாதா?” என்று நாம் கேட்கும்போது, சிவந்த பழத்தைக் காட்டிப் பச்சைக் காயைக் கடிந்துகொள்கிறோம். முந்தி நிற்கும் பிள்ளை பெரும்பாலும் ஒன்றிரண்டில்தான் முந்தி நிற்கிறாள். மற்றவற்றில் அவள் தன் வயதுப் பிள்ளை. இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் பக்கத்து ஊரில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே சான்று.

ஈரோட்டில் பிறந்த பிள்ளை

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை துணிக்கடையில் கணக்கர். வீட்டில் செல்வமில்லை. ஆனால் 1897-இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் பையன் மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறினான். மறு ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான்.

அங்கே வகுப்பில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றும், மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று என்றும் ஆசிரியர் விளக்கினாராம். உடனே சிறுவன் எழுந்து, பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டானாம். பெரிய கணித அறிஞர்களையும் நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி அது! இத்தகைய கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிவிடுவது எவ்வளவு எளிது என்று ஆசிரியைகளாகிய நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம்.

இராமானுஜனுக்கு அந்த வயதில் உதவியவர்கள் யார்? வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதி நூல் கடனாகக் கிடைத்தது. பதின்மூன்று வயதிற்குள் அதை முடித்துவிட்டார். 1903-இல் கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று, ஏறக்குறைய 5,000 கணித உண்மைகள் அடங்கியது, நண்பர் மூலம் கைக்கு வந்தது. பள்ளியில் ஓர் ஆசிரியர், ஏறக்குறைய 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் கொண்ட பள்ளியின் கால அட்டவணையைத் தயாரிக்கும் வேலையையே அவரிடம் ஒப்படைத்தார். அது வெறும் எடுபிடி வேலையன்று. அவர் மூளைக்கு ஏற்ற உண்மையான கணக்கு. 1904-இல் கணிதத்திற்கான பரிசை வழங்கிய தலைமையாசிரியர், நூற்றுக்கு நூறும் இம்மாணவனுக்குக் குறைவு என்று பொருள்படப் பேசினார். இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு? உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவருக்குக் கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை நின்றது. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அவ்வாண்டும் மறு ஆண்டும் எப்.ஏ. தேர்வில் தவறினார். உடலியங்கியலில் அவர் பெற்ற மதிப்பெண் நூற்றுக்குப் பத்தையும் எட்டவில்லை. பின்னர் வேலை தேடி வீடு வீடாக அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே வாசலைத் திறந்தது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் காலமானார்.

கடைசியில் உலகப் புகழ் கிடைத்ததே என்று சிலர் கேட்கலாம். கிடைத்தது உண்மைதான். ஆனால் பதினேழு வயது முதல் இருபத்தைந்து வயது வரை அவர் பட்ட அலைச்சலை யார் திருப்பித் தர முடியும்? அவருடைய சிவந்த பழத்தைக் கண்டவர்கள் பலர். பச்சைக் காயாக நின்ற பாடங்களுக்குக் கை கொடுக்க அன்றைய கல்லூரி விதிகளில் வழி இல்லை. “எல்லாவற்றிலும் தேறு, அல்லது வெளியே போ” என்பதே விதியாக இருந்தது.

அதே காலத்தில் இன்னொரு பிள்ளை

இராமானுஜன் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1888 நவம்பர் 7 அன்று, திருச்சியில் பிறந்தவர் சி. வி. இராமன். அவரும் முந்தி ஓடிய பிள்ளையே. விசாகப்பட்டினத்துப் புனித அலோசியஸ் பள்ளியில் படித்து, பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பதின்மூன்றில் இண்டர்மீடியட். 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதல் வகுப்பு. அவ்வளவு சிறிய உருவத்தைக் கண்ட பேராசிரியர் ஒருவர், நீ இந்த வகுப்பு மாணவன்தானா என்று கேட்டாராம்!

இராமனுக்கு வாய்த்தது என்ன? தந்தையார் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீடு நிறையப் புத்தகங்கள். மாநிலக் கல்லூரியிலோ, இம்மாணவனுக்கு வகுப்புப் பாடம் தேவையில்லை என்று கண்ட பேராசிரியர்கள், அவரைச் சோதனைச்சாலையில் தம் விருப்பம்போல் ஆராய விட்டார்கள். 1906-இல், மாணவராக இருக்கும்போதே, அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்தில் அச்சாயிற்று. 1930-இல் நோபல் பரிசு வந்தது.

இருவரில் யார் அறிவு பெரிது என்பதன்று நம் கேள்வி. ஒரே காலத்தில், ஒரே மொழி பேசிய இரு பிள்ளைகளில் ஒருவருக்குப் பாதை நேராகவும் மற்றவருக்கு முள்ளாகவும் அமைந்ததில், வீட்டில் கிடைத்த புத்தகத்துக்கும், விதியைச் சற்றே தளர்த்திய ஆசிரியர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. கல்லூரி ஆசிரியரின் வீட்டில் பிறக்காத பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தை யார் தருவது? காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் தாயின் மகளுக்கும், மலைக் கிராமத்திலிருந்து நடந்து வரும் சிறுமிக்கும் பள்ளிதான் தர வேண்டும். வேறு யாரும் இல்லை.

மேடை ஏற்றலாமா?

பெண் பிள்ளைகளின் பள்ளியாதலால் ஒரு பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். 1929-இல் பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவியின் தந்தை சர்க்கஸில் பணியாற்றியவர். சீட்டு வித்தை பழக்கும்போது மூன்று வயது மகளின் நினைவாற்றலைக் கண்டு வியந்து, அவளை ஊர் ஊராக அழைத்துச் சென்று கணக்குப் போடும் காட்சிகள் நடத்தினார். ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தன் திறமையைக் காட்டினாள். 1980 ஜூன் 18 அன்று இலண்டனில், இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடிகளில் மனத்தாலேயே பெருக்கி உலகை வியக்க வைத்தார். பின்னாளில் பல நூல்களும் எழுதினார். ஆனால் முறையான பள்ளிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய குடும்பத்தின் வறுமையை அறிந்த நாம் யாரையும் குறைகூற வேண்டியதில்லை. நம் வீடுகளையே பார்ப்போம். விருந்தினர் வந்ததும், “பாப்பா, மாமாவுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு” என்கிறோம். பாப்பா சொல்கிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். நாளடைவில், கைதட்டல் கிடைக்கும் கணக்கை மட்டுமே அவள் தொடுகிறாள். தவறக்கூடிய கணக்கை ஒதுக்கிவிடுகிறாள். புதிதாகக் கற்பதென்றாலே தவறு செய்வதும் சேர்ந்தே வருமல்லவா? தவறு செய்ய அஞ்சும் பிள்ளை எப்படிக் கற்பாள்? ஆதலால் “நீ எவ்வளவு கெட்டிக்காரி!” என்பதைவிட, “இதை எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்” என்று கேட்பது நல்லது.

எப்படிக் கண்டுகொள்வது?

சீக்கிரம் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் மேதைகள் அல்லர். வீட்டில் முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்டதால் முந்தி நிற்கும் பிள்ளைகளும் உண்டு; அவர்களை மற்றவர்கள் இரண்டொரு ஆண்டில் எட்டிப் பிடித்துவிடக்கூடும். அதில் வருந்த ஒன்றுமில்லை. மறுபுறம், உண்மையாகவே முந்தி நிற்கும் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதுமில்லை. சலிப்பினால் சேட்டை செய்வாள். வீட்டுப்பாடம் எழுத மறுப்பாள். கேள்வி கேட்டுத் துளைப்பாள். அல்லது வாயே திறக்காமல் சன்னலைப் பார்ப்பாள்.

ஒரே ஒரு தேர்வை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. அமெரிக்காவில் 1921-இல் டெர்மன் என்ற உளவியல் அறிஞர், அறிவுச் சோதனையில் மிக உயர்ந்த எண்ணிக்கை பெற்ற சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுதும் ஆராயத் தொடங்கினார். அந்தச் சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட இரு சிறுவர்கள் ஷாக்லி, அல்வாரெஸ் என்பவர்கள். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்றார்கள்! பிள்ளையைப் பல நாள், பல வேலைகளில் கவனிக்கும் தாயின் கண்ணும் ஆசிரியையின் கண்ணும் ஒரு மணி நேரத் தேர்வைவிட அதிகம் காணக்கூடும்.

வகுப்பைத் தாண்டுவதா?

முற்காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ‘டபிள் புரமோஷன்’ கொடுத்து ஒரு வகுப்பைத் தாண்டச் செய்வார்கள். இன்றும் சில பெற்றோர் அதையே கேட்கிறார்கள். எல்லாப் பாடங்களிலும் முந்தி நின்று, மனத்தாலும் பக்குவப்பட்டு, தானும் விரும்பும் பிள்ளைக்கு அது நன்மை தரலாம். 1971-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி என்பவர் தொடங்கி, பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, தக்கபடி முன்னேற விடப்பட்ட பிள்ளைகள் அதனால் கெட்டுப்போகவில்லை என்றே கண்டது. ஆனால் ஒரு பாடத்தில் மட்டும் முந்தியவளை முழு வகுப்பையும் தாண்டச் செய்தால், கொத்தை உருவியதாகத்தான் முடியும்.

வேறு வழி உண்டு. மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால், இத்தாலி நாட்டவரான அவர் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை, நம்மைப் போன்றே மலைவாசிகளான கொடைக்கானல் பிள்ளைகளிடையே தம் பணியைத் தொடர்ந்தார். அவருடைய முறையில், மூன்று வயது வரை வேறுபாடுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைத் தாமே தேர்ந்து, தத்தம் வேகத்தில் செய்வார்கள். அங்கே யாரும் ‘முந்தியவர்’ என்று தனியே உட்காருவதில்லை. ‘பிந்தியவர்’ என்று வெட்கப்படுவதுமில்லை.

நம் மாநிலத்திலும் இக்கருத்து வந்துள்ளது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தை அட்டைகளைக் கொண்டு ஏணிப்படிபோலத் தன் வேகத்தில் ஏறியது. 2022-இல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வகுக்கப்பட்டன. எவ்வளவு அழகிய பெயர்கள்! அரும்பை யாரும் மலரோடு ஒப்பிட்டு ஏசமாட்டார்கள் அல்லவா?

ஆகவே, வாசிப்பில் முந்தியவள் வாசிப்பு நேரத்தில் மட்டும் மேல் வகுப்பில் அமரட்டும். கணக்குக்கும் விளையாட்டுக்கும் தன் தோழிகளிடம் திரும்பட்டும். அடுத்த ஆண்டுப் புத்தகத்தை அவசரமாக முடிப்பதைவிட, இந்த ஆண்டுப் பாடத்திலேயே ஆழமாக இறங்கட்டும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் வகுப்பில் எல்லாரும் கழித்தல் கணக்குப் போடும்போது அவளுக்கு இதைக் கொடுக்கலாம்: சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர்; ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குளிர்கிறது என்றால், சேலத்தில் 35 பாகை வெயில் அடிக்கும்போது இங்கே எவ்வளவு இருக்கும்? விடை ஏறக்குறைய 28 என்று கண்டதும் அவள் விடமாட்டாள். “மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, பின் ஏன் குளிர்கிறது?” என்பாள். மேலே செல்லும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதையும், விரியும்போது குளிர்வதையும் அப்போது சொல்லலாம். கழித்தலில் தொடங்கியவள் பௌதிகத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் தன் வகுப்பை விட்டுப் போகவில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

ஆசிரியையிடம் வரும்போது, “என் பிள்ளை கெட்டிக்காரி, அவளைக் கவனியுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், அவள் வீட்டில் வாசிக்கும் புத்தகத்தையும், போட்ட கணக்கையும், கேட்ட கேள்விகளையும் கொண்டு வாருங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நாங்கள் காணாததை நீங்கள் கண்டிருக்கலாம்.

எழுத்தறியாத பெற்றோர் தங்களால் ஒன்றும் செய்ய முடியாதென்று எண்ண வேண்டாம். மகள் வாசிப்பதை அடுப்படியில் அமர்ந்து கேளுங்கள். வாரக் கூலியையும் கடைக் கணக்கையும் அவளைக் கூட்டச் சொல்லுங்கள். மிளகுக் கொடி எந்த மரத்தில் நன்றாக ஏறும், மழை வருமுன் எறும்பு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். அவள் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “எனக்கும் தெரியவில்லை, நாளைக்கு டீச்சரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று சொல்வதில் தாழ்வில்லை. அதைவிடச் சிறந்த ஊக்கம் வேறில்லை.

“பெண் பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல், தன் அறிவை ஒளித்து வைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். அதுபோலவே அண்ணன் தம்பியோடும், அக்காள் தங்கையோடும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் அவளை ஒப்பிடாதீர்கள். அவளுக்கு வராததையும் வாரம் ஒரு முறையேனும் செய்ய விடுங்கள். சைக்கிள் ஓட்டி விழட்டும், கோலம் கோணட்டும். வராத ஒன்றைப் பழகிப் பழகி வரவைத்துக்கொள்ளும் பொறுமை, எளிதில் எல்லாம் வந்துவிடும் பிள்ளைக்கே மிகவும் தேவை.

மாணவிகளுக்கு

அன்பு மாணவிகளே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். அவளைப் புத்தகப் புழு என்று கேலி செய்யாதீர்கள். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதற்காக மட்டும் தோழமை கொள்ளவும் வேண்டாம். இடைவேளையில் பாண்டி ஆட அழைத்துப் பாருங்கள். அதில் அவள் உங்களிடம் கற்க நிறைய இருக்கும். நீங்களே அந்த ஒருத்தியாக இருந்தால், தெரியாததுபோல் நடிக்காதீர்கள். தெரியும் என்று மார் தட்டவும் வேண்டாம்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்த இயேசு பாலனை நாம் அனைவரும் அறிவோம். அங்கே அவர் செய்தது என்ன? பிறர் சொல்வதைக் கேட்டார், கேள்விகளும் கேட்டார். பின்பு தாய் தந்தையோடு நாசரேத்தூருக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தார். முந்திய அறிவும் வயதுக்கேற்ற வாழ்வும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல படம் நமக்குத் தேவையில்லை.

தவறாக எழுதத் தொடங்கிய அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மறுநாளே தனி நாற்காலி எடுக்கப்பட்டது. ‘குட்டி டீச்சர்’ என்ற பெயரும் போயிற்று. பெஞ்சின் நடுவில், இரு தோழிகளுக்கிடையே இடம் கிடைத்தது. பிற்பகலில் அரைமணி நேரம் மூன்றாம் வகுப்புக்குப் போய்க் கதைப்புத்தகம் வாசித்து வந்தாள். முதல் வாரம் திரும்பி வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள், “என்ன கதை?” என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். அடுத்த வாரம் முதல், அவள் எப்போது திரும்புவாள் என்று பெஞ்சே காத்திருந்தது. நோட்டில் பிழைகள் தாமே குறைந்தன. கையெழுத்து மட்டும் கடைசி வரை கோணலாகத்தான் இருந்தது. அது தன் காலத்தில் சிவக்கட்டும் என்று ஆசிரியையும் விட்டுவிட்டார்.